பதினெட்டு லட்சம் வரிகளில் ஓர் இசக்கியம்மாள்

பாளையங்கோட்டை
9-9-1996

அண்ணனுக்கு,

அம்மாவும் நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நானே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ரெக்சனைக் கட்டிக்கொண்டதற்காக நீங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. அம்மாவையும் புனேக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். அதுகூடப் பரவாயில்லை. தலைப்பொங்கலுக்கு வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டபோதெல்லாம் எட்டிப் பார்த்தேன், அண்ணன் பொங்கல்படிச் சீர் கொண்டு வருவான் என்று. போன பொங்கலுக்கும் பார்த்தேன். வெட்கம் கெட்டவள்.

சரி, அதை விடுங்கள். இது வேலைக் கடிதம்.

இங்கே ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பு. நோயாளி ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு வரி ஏற்றுவோம்: பெயர், ஊர், வயது, என்ன நோய், என்ன மருந்து. பழைய அட்டைகளில் இருந்ததையும் இரண்டு வருடமாக உட்கார்ந்து ஏற்றிவிட்டோம். ஒரே டேபிளில், அதாவது ஒரே பட்டியலில், இப்போது பதினெட்டு லட்சம் வரி. வருகிறவர்களில் பாதிப் பேர் நம்பர் சீட்டைத் தொலைத்துவிட்டுத்தான் வருவார்கள், ஆகவே பெயரைத் தட்டித் தேட வேண்டும். தேடினால் கால் மணி நேரம், இருபது நிமிடம். கவுண்டரில் நிற்கிறவர்கள், "ஏம்மா, பொட்டி தூங்கிட்டா?" என்று கேட்கிறார்கள்.

போன வாரம் முக்கூடலிலிருந்து கருத்தையா என்பவர் தன் மனைவி இசக்கியம்மாளைக் காய்ச்சலோடு கொண்டு வந்தார். டாக்டர் பென்சிலின் எழுதிவிட்டார். "சின்னப் பிள்ளையா இருக்கையில ஒரு ஊசி போட்டு மயங்கி விழுந்தேன், என்ன ஊசின்னு தெரியாது" என்றாள் அந்தப் பெண். நர்ஸ் ஜெபராணி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "ரெக்கார்டு வரட்டும், அதுவரைக்கும் போட மாட்டேன்" என்று நின்றுவிட்டாள். டாக்டர் கத்துகிறார், என் திரையில் கர்சர் கண் சிமிட்டுகிறது. கடைசியில் வந்தது: பென்சிலின் ஆகாது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஜெபராணியும் போட்டிருப்பாள். அன்று எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

டிசம்பரில் ஆஸ்பத்திரிக் கமிட்டி கூடுகிறது. அதற்குள் வேகம் வராவிட்டால் கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டுப் பழையபடி அட்டைக்கே போகிறார்களாம். அட்டையென்றால் அந்த இசக்கியம்மாளின் வரி கிடைத்தே இருக்காது. நாங்கள் ஏற்றி முடித்த பிறகு அந்த அட்டைக் கட்டைக் கரையான் தின்றுவிட்டது.

புனேயில் பெரிய பெரிய டேபிளோடு மல்லுக்கட்டுவதுதான் உங்கள் வேலை. எனக்குத் தெரிந்தவர்களில் இதைத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான், என் கெட்ட நேரம். போன் செய்தால் வைத்துவிடுவீர்கள் என்று எழுதுகிறேன். பதிலை ஆஸ்பத்திரிக்கே போடுங்கள். வீட்டு விலாசத்தை நீங்களாகக் கேட்டால்தான் தருவேன்.

சுகிர்தா


புனே
18-9-1996

சுகிர்தாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டுவலி, மற்றபடி சுகம்.

'நீங்கள்', 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்து ஒரு தடவை உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். முதலில் யாரையும் புதிதாக எதையும் வாங்க விடாதே. வேகம் குறைந்தால் உடனே மெமரி வாங்கு, மெஷின் வாங்கு என்பார்கள். அது காய்ச்சல்காரனுக்குப் புதுச்சட்டை தைத்துப் போடுகிற வைத்தியம். உன் குவெரி, அதாவது நீ கொடுக்கிற தேடல் கட்டளை, ஏன் தாமதமாகிறது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் இன்னும் தெரியாது. தெரியாதபோது ஊகிக்கக்கூடாது, அளக்க வேண்டும். கவுண்டர் காலியாக இருக்கும்போது ஒரு தேடலை ஓட்டி நேரம் குறித்துக்கொள். அதே தேடலைக் கூட்ட நேரத்திலும் ஓட்டு. பெயருக்கு இண்டெக்ஸ் போட்டிருக்கிறாயா என்று சொல். குவெரியை ஓர் எழுத்து மாறாமல் எழுதி அனுப்பு. நீ புரிந்துகொண்டதை எழுதாதே, அதில் இருப்பதை எழுது.

மற்ற விஷயங்களுக்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை.

மகேஸ்வரன்

பி.கு: அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள்?


பாளையங்கோட்டை
27-9-1996

அண்ணனுக்கு,

உறையில் 'ஐ. சுகிர்தா' என்று போட்டிருக்கிறீர்கள். தபால் பிரிக்கிற எலியேசர் அண்ணாச்சி அதைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐ. சுகிர்தா யாருவே? புதுசா வந்த நர்ஸா?" என்று வார்டு வார்டாக அலைந்திருக்கிறார். அப்பா பெயரின் முதலெழுத்து எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் இங்கே எல்லோருக்கும் நான் ரெ. சுகிர்தா. தெரிந்துதானே போட்டீர்கள்?

அளந்துவிட்டேன். கவுண்டர் காலியாக இருந்தால் எட்டு நிமிடம். கூட்டத்தில் ஐந்து கவுண்டரும் சேர்ந்து தேடினால் இருபது. உங்கள் கடிதம் வருவதற்குள் கமிட்டிக்காரர்கள் மெமரி வாங்கிப் போட்டுவிட்டார்கள். புதுச்சட்டை நன்றாகத்தான் இருக்கிறது, காய்ச்சல் குறையவில்லை.

பெயருக்கு இண்டெக்ஸ் இருக்கிறது. நானே போட்டேன், அவ்வளவு மக்கு இல்லை. குவெரியைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பெயர் இருக்கிற இடத்தில் முன்னால் ஒரு சதவீதக் குறி, நடுவில் இசக்கியம்மாள், பின்னால் ஒரு சதவீதக் குறி. அவ்வளவுதான், வேறு மாயமந்திரம் ஒன்றும் இல்லை.

இசக்கியம்மாள் நன்றாக இருக்கிறாள். கருத்தையா ஜெபராணிக்கு ஒரு வாழைத்தார் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு இரண்டு பழம் வந்தது.

சுகிர்தா


புனே
5-10-1996

ஏளா சுகிர்தா,

மக்கு இல்லை என்கிறாய். பெயருக்கு முன்னால் சதவீதக் குறி போட்டால் என்ன அர்த்தம்? 'தொடக்கத்தில் எது வேண்டுமானாலும் இருக்கலாம்' என்று அர்த்தம். இண்டெக்ஸ் என்பது டெலிபோன் டைரக்டரி போல, முதலெழுத்து வரிசையில் அடுக்கி வைத்தது. முதலெழுத்தே தெரியாது என்று சொல்லிவிட்டு டைரக்டரியை நீட்டினால் அது என்ன செய்யும்? முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விரலை வைத்துப் படிக்கும். ஒரு ஆளுக்குப் பதினெட்டு லட்சம் வரி. ஐந்து கவுண்டருக்கும் ஐந்து தடவை.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், டேட்டாபேஸையே கேள். ஒரு குவெரியை எந்த வழியில் ஓட்டப் போகிறாய் என்று அதனிடமே திட்டம் கேட்கலாம். கட்டளையைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். 'முழு டேபிள்' என்று பதில் சொன்னால் உன் இண்டெக்ஸை அது தொடவே இல்லை.

ஏன் போட்டாய் அந்தக் குறியை? யோசிக்கச் சோம்பலா?

மகேஸ்வரன்


பாளையங்கோட்டை
13-10-1996

அண்ணா,

சோம்பலா! நீ புனேயில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு கேட்பாய். உன்னை நீங்கள் என்று எழுதியதற்கு என்னை நானே கிள்ளிக்கொள்ள வேண்டும்.

எங்கள் டைப்பிஸ்டுகள் பெயர்க் கட்டத்தில் இனிஷியலையும் சேர்த்தே அடித்திருக்கிறார்கள். நம்மூரில் பெயரென்றால் இனிஷியல் முன்னால்தானே வரும்? அதில் யாருக்கும் தப்புத் தெரியவில்லை, எனக்கும்தான். ஆனால் முக்கூடல் இசக்கியம்மாள் சின்னப் பெண்ணாக வந்தபோது 'சு. இசக்கியம்மாள்', அப்பா சுடலைமுத்து. கருத்தையாவைக் கட்டிய பிறகு 'க. இசக்கியம்மாள்'. உன் டைரக்டரியில் அவள் இரண்டு மூலையில் இருப்பாள். எங்களிடம் வருகிற பெண்கள் எல்லோருமே இப்படித்தான். எந்த எழுத்தில் இருந்தாலும் ஆள் தப்பிவிடக்கூடாது என்றுதான் முன்னால் அந்தக் குறியைப் போட்டேன். அது இல்லாவிட்டால் அன்றைக்குத் திரை படுவேகமாக 'இல்லை' என்று சொல்லியிருக்கும். ஊசியும் ஏறியிருக்கும். இப்போது சொல், சோம்பலா?

திட்டம் கேட்டுப் பார்த்தேன். 'முழு டேபிள்' என்றுதான் சொன்னது. நீ சொன்னது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். முதலெழுத்து மாறினால் அதே ஆளை அடையாளம் தெரியவில்லை என்று இண்டெக்ஸ் சொல்லலாம், அதற்குப் புத்தி கிடையாது. உனக்குமா அண்ணா?

எழுதும்போதே அழுகை வருகிறது. நிறுத்துகிறேன்.

சுகிர்தா


புனே
8-11-1996

சுகிர்தா,

தாமதத்துக்கு வேலையைக் காரணம் சொல்லலாம். அது பொய்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சதவீதக் குறி, இண்டெக்ஸ் எல்லாம் பொறுமையாகக் கேட்டாள். கடைசி வரிக்கு வந்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏலே, ஒங்கப்பாவக் கட்டுனப்ப எனக்கும்தாம்லே எழுத்து மாறிச்சு. அதுக்காவ ஒங்க மாமா என்னைய யாருன்னு கேட்டாவளா? சாவுத வரைக்கும் பொங்கப்படி கொண்டாந்தாவ" என்றாள். இங்கே மதமே வேறு, அது வேறு விஷயம் என்று சொல்லிப் பார்த்தேன். "நீ ஒம் பொட்டியவே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்கு வெறும் ரசம்தான். தீபாவளிக்காவது மாறுமா என்று பார்க்கிறேன்.

சோம்பலா என்று கேட்டிருக்கக்கூடாது. நீ போட்ட குறிக்குக் காரணம் இருந்தது. வழிதான் தப்பு. இனிஷியல் பெயரோடு ஒட்டியது இல்லை, பக்கத்தில் நிற்பது. அதற்குத் தனிக் கட்டம் கொடு. பெயரைத் தனியே வை. பிறகு பெயருக்குப் புது இண்டெக்ஸ் போட்டு முன்னால் இருக்கும் குறியை எடுத்துவிடு. எந்த எழுத்தோடு வந்தாலும் இசக்கியம்மாள் ஓரிடத்தில் இருப்பாள். முதலில் ஒரு நகல் எடுத்து அதில் செய்து பார். நேரடியாகக் கை வைத்துத் தொலைத்துவிடாதே.

இதை நான் ஒரு வாரத்திலேயே எழுதியிருக்கலாம். எழுதி எழுதிக் கிழித்தேன். கிழித்ததில் வேலை விஷயம் குறைவு.

அண்ணன்

(கீழே அம்மாவின் கையெழுத்தில்:) சுகிர்தா, நான் நல்லா இருக்கேன். மழை நாளுல தலைக்குத் தண்ணி ஊத்தாத. மாப்பிள்ளைக்கு மீன் கொழம்பு வைக்கப் படிச்சிட்டியா?


பாளையங்கோட்டை
20-11-1996

அண்ணா,

அம்மாவின் மூன்று வரியைப் படித்துவிட்டு ரெக்சன் கூடத்தில் இங்கேயும் அங்கேயும் நடக்கிறார். "மாப்பிள்ளைன்னு எழுதியிருக்காங்க, பாத்தியா?" என்று என்னையே கேட்கிறார். மீன் குழம்பு அவர்தான் வைப்பார் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதே.

இங்கே ஆற்றில் வெள்ளம். குறுக்குத்துறையில் கோயில் முங்கிக் கிடக்கிறது. காய்ச்சல் கூட்டம் வாசல்வரை நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு நீ சொன்னபடி இனிஷியலைப் பிரித்துவிட்டோம். திங்கள் காலை பிரம்மநாயகி என்று தட்டினேன். விரலை எடுப்பதற்குள் வந்துவிட்டாள். சுபைதா பேகம் என்று தட்டினேன், அவளும் வந்தாள். டைப்பிஸ்டுகள் கை தட்டினார்கள்.

பிறகு இசக்கியம்மாளைத் தட்டினேன். எட்டு நிமிடமாக இருந்தது பன்னிரண்டு ஆகிவிட்டது அண்ணா! திட்டம் கேட்டால் இண்டெக்ஸ் வழியாகத்தான் போகிறேன் என்கிறது. போகிறதென்றால் ஏன் இந்த இழுவை? அது மட்டுமில்லை, கடற்கரை ஊர்க்காரர்கள் குடும்பப் பெயரைத்தான் முதலில் சொல்லுவார்கள், ஆகையால் டைப்பிஸ்டுகளும் அதையே முதலில் அடித்திருக்கிறார்கள். ஃபெர்னாண்டோ என்று தட்டினால் அதுவும் இதே கதைதான்.

ரெக்சனும் ஒரு ஃபெர்னாண்டோதானே, கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். "எங்க மணப்பாட்டுல கரையில நின்னு ஃபெர்னாண்டோன்னு கூப்பிட்டா பாதி வள்ளம் திரும்பும்" என்கிறார். அப்போ எப்படித்தான் ஆளைக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். "எந்த ஊரு, யாரு வீட்டு ஃபெர்னாண்டோன்னு கேக்கணும்" என்றார்.

கமிட்டி டிசம்பர் ஒன்பதாம் தேதி. பயமாக இருக்கிறது. சீக்கிரம் எழுது.

சுகிர்தா


புனே
27-11-1996

சுகிர்தா,

உன் வீட்டுக்காரர் சொன்னதில்தான் விடை இருக்கிறது. அவரிடம் சொல்.

உங்கள் டேபிளில் இசக்கி என்று தொடங்கும் வரி அறுபதாயிரமாவது இருக்கும். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஓர் இசக்கி. இண்டெக்ஸ் அவர்களை நொடியில் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் ஒவ்வொருவருடைய வரியையும் எடுக்க டிஸ்க்கில் இங்கே ஒருமுறை, அங்கே ஒருமுறை என்று ஓட வேண்டும். அறுபதாயிரம் ஓட்டம். அதற்கு முழு டேபிளையும் வரிசையாகப் படித்துவிடுவதே மேல். பிரம்மநாயகி நூறு பேர்தான், அதனால் பறக்கிறாள். ஆளைப் பிரித்துக் காட்டாத பெயருக்கு இண்டெக்ஸ் போட்டுப் பிரயோசனம் இல்லை.

நம்மூரில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பெயரையா முதலில் கேட்போம்? "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்றுதானே கேட்போம். உன் திரை மட்டும் பெயரைக் கேட்கிறது. தடுப்பூசிக் கணக்குக்காக ஊருக்கெல்லாம் எண் போட்டிருப்பீர்களே, அதை வைத்துக்கொள். ஒரே இண்டெக்ஸில் முதலில் ஊர், அதற்குள் பெயர். முக்கூடலுக்குள் இசக்கியம்மாள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? இதற்கும் நகல் எடுத்துக்கொண்டு செய்.

பயப்படாதே. சின்னதில் நம் தச்சநல்லூரில் சைக்கிள் பழகும்போது விட்டுவிட்டேன் என்று சொல்லாமலே கையை எடுப்பேன், நீ பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவாய்.

அண்ணன்


பாளையங்கோட்டை
12-12-1996

அண்ணா,

முதலில் ஒன்று. இந்தமுறை உறையில் வெறும் 'சுகிர்தா, கம்ப்யூட்டர் பிரிவு'. எழுத்தே இல்லை. எலியேசர் அண்ணாச்சி நேரே என் மேசைக்கு வந்தார்.

ஊர், பெயர் என்று இண்டெக்ஸ் போட்டேன். முக்கூடல், இசக்கியம்மாள். தட்டிய கையோடு பதில் வந்தது. கருத்தையா மனைவியின் சமீபத்திய வரிகள் இருந்தன. பென்சிலின் வரி மட்டும் இல்லை. இன்னொரு முறை தட்டினேன், அப்போதும் இல்லை. எட்டு நிமிடம் எடுத்துக்கொண்ட பழைய குவெரி கண்டுபிடித்ததை, எட்டு நிமிடத்தை மிச்சம் பிடித்த புதுக் குவெரி தவற விட்டுவிட்டது!

அப்புறம்தான் உறைத்தது. சின்னப் பெண்ணாக வந்தபோது அவள் சீவலப்பேரிக்காரி. பொறந்த வீடு அங்கே. கல்யாணம் ஆனால் எழுத்து மட்டுமா மாறுகிறது, ஊரும்தானே மாறுகிறது? நீ ஆம்பளை, உனக்கு அது தோன்றவில்லை. எனக்கு ஏன் தோன்றவில்லை என்றுதான் என் மேல் கோபம்.

திரையை மாற்றிவிட்டேன். பெண்களிடம் இரண்டு ஊர் கேட்கும்: பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர். இரண்டிலும் தேடும். இரண்டும் சேர்ந்து ஒரு கொட்டாவி விடும் நேரம்கூட ஆகவில்லை.

ஒன்பதாம் தேதி கமிட்டிக்காரர்கள் கவுண்டருக்கே வந்து நின்றார்கள். அன்றைக்குக் கத்திய அதே டாக்டர், "அந்த முக்கூடல் அம்மாளத் தேடும்மா, பாப்போம்" என்றார். தலைவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் கவுண்டர் பெண்ணைத் தட்டச் சொன்னேன். தலைவர் கடிகாரத்தை நேராக வைத்து நிமிர்வதற்குள் திரையில் 'சு. இசக்கியம்மாள், சீவலப்பேரி, பென்சிலின் ஆகாது'. ஜெபராணி, "ஸ்தோத்திரம்!" என்று சத்தமாகவே சொன்னாள். டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கம்ப்யூட்டர் இருக்கும், என் பிரிவும் இருக்கும்.

பெண்ணுக்கு இரண்டு ஊர் உண்டு என்று திரைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் அண்ணா. இரண்டாவது ஊருக்குப் போனதால் முதல் ஊரில் அவள் இல்லாமல் போய்விடுவதில்லை. ஒன்றில் மட்டும் தேடிவிட்டு ஆளே இல்லை என்று சொல்லக்கூடாது. உனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

சுகிர்தா


புனே
23-12-1996

சுகிர்தா,

நான் விட்ட ஓட்டையை நீ கண்டுபிடித்தாய். ஆபீஸில் எல்லோரிடமும் சொன்னேன், என் தங்கை செய்தது என்று. அந்த வார்த்தையை அங்கே நான் சொல்லி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு பையன், "உங்களுக்குத் தங்கை இருக்கிறாளா?" என்று கேட்டான்.

அவனுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். இருக்கிறாள். நான்தான் தேடவில்லை.

அம்மாவும் நானும் டிக்கெட் எடுத்துவிட்டோம். சென்னை வந்து நெல்லை எக்ஸ்பிரஸ். ஜனவரி பன்னிரண்டாம் தேதி காலை ஜங்ஷன். முந்திய இரண்டு பொங்கலுக்கும் சேர்த்து மூன்று பொங்கல்படி. வெண்கலப் பானையை அம்மா ஏற்கெனவே புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டாள். கரும்பும் மஞ்சள் குலையும் பனங்கிழங்கும் அங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம். மாப்பிள்ளைக்கு வேட்டி எடுத்திருக்கிறேன். கரை பிடிக்குமோ என்னவோ. வீட்டில் ரசத்தோடு இப்போது கூட்டும் பொரியலும் வருகிறது.

ஒரே ஒரு சிக்கல். எனக்கு உன் ஆஸ்பத்திரி விலாசம்தான் தெரியும். பண்டிகை நாளில் பானையும் கரும்புமாக வந்து நின்று, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை கதவு தட்ட முடியாது. ரெக்சன் ஃபெர்னாண்டோ என்று கேட்டால் எத்தனை பேர் திரும்புவார்களோ.

நீ முதல் கடிதத்தில் சொன்னதை மறக்கவில்லை. நானாகவே கேட்கிறேன். உன் வீடு எங்கே இருக்கிறது?

அண்ணன்


பாளையங்கோட்டை
31-12-1996

அண்ணா,

உன் கடிதத்தைக் கவுண்டரிலேயே நின்று படித்துவிட்டு அழுதேன். வரிசையில் நின்ற ஒரு அம்மா, "யாருக்கும் ஒண்ணுமில்லையே தாயி?" என்று கேட்டாள். எங்கண்ணன் வருது என்றேன். "அதுக்கா அழுவ?" என்று திட்டினாள்.

ரெக்சன் ஜங்ஷனுக்கு வருவார். உன் பக்கத்தில் வந்து பேசத் தைரியம் வருமோ வராதோ என்று இப்போதே பயப்படுகிறார். நீயே முதலில் பேசிவிடு. ஒருவேளை ரயில் முந்தி வந்து அவர் பிந்திவிட்டால் ஆட்டோக்காரரிடம் குலவணிகர்புரம் ரயில்வே கேட் என்று சொல். கேட்டைத் தாண்டி இடதுபக்கம் மாவு மில், அதையொட்டி ஒரு தெரு. உள்ளே பாதித் தூரம் வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொள். கடைசியில் இருக்கிற வீடு, பச்சைக் கதவு.

வீடு பிடிபடாவிட்டால் அங்கே நின்று ரெக்சன் வீடு என்று கேட்காதே, அவர் விடிந்தால் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போய்ப் பொழுதடைந்தால் வருகிறவர், யாருக்கும் தெரியாது. சுகிர்தா என்றும் கேட்காதே. எந்த எழுத்தைச் சேர்த்தும் கேட்காதே. தச்சநல்லூர்க்காரி வீடு எது என்று கேள். இந்தத் தெருவில் என்னை அப்படித்தான் சொல்கிறார்கள்.

சுகிர்தா